கடல் தெரியும் வீடும் கண்ணுக்குத் தெரியாத உறுதியும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய வேளையில், ஜேர்மனியில் வசிக்கும் என் பழைய தோழன் ஒருவன் வர்ண விளம்பரம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். அவன் வாழைச்சேனையைச் சேர்ந்தவன். உயர்தர வகுப்புக் காலத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். 1990இல் ஊரை விட்டுப் போனவன், இப்போது ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

விளம்பரம் சைப்பிரஸ் தீவின் வட கரையில் உள்ள கிரீனியா நகரத்துக்கு அண்மையில் எழும் தொடர்மாடி ஒன்றைப் பற்றியது. இரண்டு படுக்கையறை, கடலைப் பார்த்த மாடம், நீச்சல் தடாகம், பளிங்குத் தரை. பதினைந்து படிகள் இறங்கினால் மணல். விலையோ தீவின் தென்கரையைவிட மிகக் குறைவு. தவணை முறையிலும் கட்டலாம். "உறுதி தயார்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதன் கீழே தோழன் எழுதியிருந்தான்: "மச்சான், எடுக்கலாமா?"

நான் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: "1974க்கு முன் அது ஆருடைய காணி?"

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளில் எனக்குள் ஓடியவற்றையே இங்கே எழுதுகிறேன். என் தோழனுக்கு மாத்திரம் உரிய செய்தியாக இது எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்து, முதுமைக்கு ஒரு கடலோர வீடு தேடும் வயதை நம்மவர்களில் ஒரு தலைமுறை எட்டியிருக்கிறது. இதே விளம்பரம் அவர்களுடைய கைபேசிகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். செய்தியில் ஒரு பெயர் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். விளம்பரத்துக்கு எவரும் திருத்தம் போட்டதில்லை. கடற்கரை வீட்டு விளம்பரங்களின் படங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒரு வள்ளம் இராது. காயப்போட்ட வலை இராது. கருவாடு இராது. கரையில் ஒரு மனிதர் நிற்பார் என்றால், அவர் வெள்ளை உடுப்புடன் கையில் குவளை ஏந்திய விருந்தாளியாகவே இருப்பார். உலகில் எந்தக் கரை அப்படி வெறுமையாக இருந்திருக்கிறது? கடல் உள்ள இடமெல்லாம் கடலால் பிழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். படத்தில் அவர்கள் இல்லையென்றால், படம் எடுப்பதற்கு முன்னரே யாரோ அவர்களை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே பொருள்.

சைப்பிரஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 யூலை 15ஆம் திகதி, ஏதென்ஸில் ஆட்சியிலிருந்த இராணுவக் குழுவின் ஆதரவோடு அத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தாம் நாள், யூலை 20இல், துருக்கியப் படைகள் கிரீனியாவுக்கு அண்மையில் கரையிறங்கின. அந்த ஆண்டிலேயே தீவு இரண்டாகப் பிளந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்பிரியர்கள் தெற்கே ஓடினார்கள். துருக்கிய சைப்பிரியர்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வடக்கே வந்தார்கள். அவர்களிற் பலர் 1963, 1964 கலவரங்களிலேயே ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள். இரு தரப்பும் வீட்டையும் ஒலிவ மரத்தையும் எலுமிச்சைத் தோட்டத்தையும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. கையோடு கொண்டுபோனது திறப்பும் உறுதியும் மட்டுமே. வடக்கில் கைவிடப்பட்ட காணிகளுக்கு, துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் அங்கீகரிக்காத அந்த நிருவாகம் புதிய உறுதிகளை எழுதிக் கொடுத்தது. என் தோழனுக்கு வந்த விளம்பரத்தில் "தயார்" என்றிருந்த உறுதி இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அல்லது 1974க்கு முன்பே துருக்கிய சைப்பிரியர் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த காணியின் நேரிய உறுதியாகவும் இருக்கலாம். எது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. சொல்லாததே என் சந்தேகத்துக்குக் காரணம்.

இந்தச் சந்தேகம் வெறும் தார்மீகப் புலம்பல் அன்று. லாப்டா என்னும் வடபகுதிக் கிராமத்தில் பிரித்தானியத் தம்பதி ஒன்று 2002இல் காணி வாங்கி, நீச்சல் தடாகத்தோடு மாளிகை கட்டியது. 1974இல் அங்கிருந்து ஓடிய கிரேக்க சைப்பிரியர் ஒருவரே அக்காணியின் சொந்தக்காரர். எல்லைக் கடவைகள் 2003இல் திறக்கப்பட்ட பின்னர் அவர் வழக்கு வைத்தார். கட்டிடத்தை இடித்துக் காணியை ஒப்படைக்குமாறு நிக்கோசியா நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஏனைய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் ஏற்கவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஏப்ரலில் கூறியது. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய சொத்தின் மீதே கை வைக்கலாம் என்றாயிற்று. அண்மைய ஆண்டுகளில் வடபகுதிக் காணிகளை விற்றவர்களையும் விற்கத் துணைபோனவர்களையும் சைப்பிரஸ் குடியரசு கைதுசெய்து வழக்குத் தொடுத்து வருகிறது. மலிவு விலையின் மர்மம் இதுதான். மிகுதி விலையை வேறொருவர் 1974இலேயே கட்டிவிட்டார்.

ஓட்டமாவடியில் இருந்துகொண்டு சைப்பிரஸைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். என் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து, வாழைச்சேனை வழியாகச் சில கிலோமீற்றர் போனால் பாசிக்குடா. புகைவண்டியும் மற்ற வாகனங்களும் மாறி மாறி ஒரே இரும்புப் பாலத்தால் போன காலத்தில், வாப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு நான் பார்த்த கடல் அது. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். 1960களின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட முதலாவது சுற்றுலாப் பெருந்திட்டத்திலேயே கிழக்குக் கரைக்கு இடம் இருந்தது. 1970களில் அங்கே ஹோட்டல்கள் எழுந்தன. வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்தார்கள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி நம்மவர்கள் கரைவலை இழுத்தார்கள். இரண்டும் அருகருகே நடந்தன என்பதை என் கண்ணால் கண்டவன் நான். 1978 நவம்பர் 23 சூறாவளி வந்தது. பின்னர் யுத்தம் வந்தது. ஹோட்டல்கள் இடிந்து சுவர்களாயின. 2004 டிசம்பர் 26 காலையில் கடலே வந்தது.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். 2005இன் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு தடைவலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் எவரும் மீண்டும் வீடு கட்டக்கூடாது. காரணம் மக்களின் பாதுகாப்பு. கடல் எல்லாக் கரையிலும் ஒரே கடலாக இருக்க, கிழக்கின் மீனவனுக்கு மட்டும் அது இருமடங்கு ஆபத்தானது எப்படி என்று அன்று நாங்கள் எழுதினோம். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் உள்ளூருக்குள் குடியேற்றப்பட்டுவிட்டன. ஒரு கரையில் வள்ளம் வைத்திருப்பவனைக் கரையிலிருந்து தூக்கி வயல்வெளியின் ஓரத்தில் வைத்தால், அவனுக்கு வீடு கிடைத்திருக்கும், தொழில் கிடைத்திருக்காது.

2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது. 2009 மே மாதத்தில் நாடு முழுவதும் முடிந்தது. மறு கணமே பாசிக்குடாக் கரை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு முதலீட்டாளர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போயிற்று. 2011இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொகுசு விடுதிகள் திறக்கப்பட்டன. அலை தொடும் தூரத்தில் மனிதர் வாழ்வது ஆபத்து என்று சொன்ன அதே நாட்டில், அலை தொடும் தூரத்தில் வாடகைக்கு உறங்குவது அபிவிருத்தி ஆயிற்று. வள்ளம் ஏற்றும் இடம் குடாவின் ஓரத்துக்குச் சுருங்கியது. கடலுக்குப் போகும் ஒழுங்கைகள் மதில்களுக்கு இடையில் ஒடுங்கின. தமிழ் மீனவரும் முஸ்லிம் மீனவரும் இந்த ஒரு விடயத்திலாவது சமமாக நடத்தப்பட்டனர்.

இது ஓர் இனத்தின் பிரச்சினையும் அன்று. அம்பாறை மாவட்டத்தின் பாணமைக் கரையில் 2010 யூலையில் ஆயுதம் தாங்கியோர் இரவில் வந்து குடிசைகளை எரித்து மக்களை விரட்டினார்கள். பெரும்பாலும் சிங்களம் பேசும் ஏழை விவசாயிகள், மீனவர்கள். காணி படையினர் கைக்குப் போனது. 2015 பெப்ரவரியில் அதன் பெரும்பகுதியை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் பிறகும் அம்மக்கள் அலைந்தார்கள். கடற்கரையின் விலை ஏறும்போது எந்த மொழியில் அழுகிறோம் என்பதை எவரும் கவனிப்பதில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "விடுதி வந்ததால்தானே பொடியன்களுக்கு வேலை கிடைத்தது? அந்நியச் செலாவணி வேண்டாமா? 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை மறந்துவிட்டீரா?" மறக்கவில்லை. சுற்றுலாவின் எதிரியும் அல்லன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் தங்கைமாரைக் கரைசேர்த்தவர்களும் உண்டு. ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விடுதிகள் வெறுமையாயின. 2020இல் கொவிட் வந்து பூட்டியது. 2022இல் பொருளாதாரம் சரிந்து மீண்டும் வெறுமையாயின. மூன்று தடவையும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் துணி துவைத்தவர்களும் தோட்டம் கூட்டியவர்களும்தான். வள்ளத்தை விற்றுவிட்டு விடுதிக்குப் போனவன் வள்ளமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நின்றான். கடல் மட்டும் எவரையும் வேலையால் நிறுத்தவில்லை. ஒரு கரையை முழுதாக ஒரே தொழிலிடம் ஒப்படைப்பவன், எல்லா முட்டையையும் ஒரே கோழியின் கீழ் அடை வைப்பவனைப் போன்றவன்.

சட்டம் இல்லையா? உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் அனுமதியின்றி எதையும் கட்ட முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே சட்டம், தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியும் அதற்கு மேலும் என்றால், முழு விலையையும் வெளிநாட்டுப் பணமாக முன்கூட்டியே கொண்டுவந்தால், வெளிநாட்டவரும் வாங்கலாம் என்று விலக்கு அளித்தது. 99 ஆண்டுக் குத்தகை வழியும் திறந்தே இருந்தது. வாசலைப் பூட்டிவிட்டு நாலாம் மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஏழைக்கு ஏணி எட்டாத உயரம் அது.

ஏழைக்கென்று வந்த சட்டமும் ஒன்று உண்டு. இந்நாட்டில் ஒருவர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். யுத்தத்தால் ஓடியவர்களுக்கு இது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அவர்கள் வரமுடியாதிருந்த காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்க வழிசெய்தது. வழக்கு வைப்பதற்கு அது தந்த காலம் குறுகியது. எத்தனை பேருக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்தது? விடுதித் திறப்புவிழாக்களுக்கு எங்கள் பத்திரிகைகள் முழுப்பக்கம் ஒதுக்கின. இச்சட்டத்துக்கு எத்தனை பத்தி ஒதுக்கினோம் என்பதைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நினைக்கவே வெட்கப்படுகிறேன்.

காணி என்றால் என்ன என்பதை எங்கள் ஊர் வேறொரு விதமாகவும் படித்தது. கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை 2020இல் இந்நாடு பலவந்தமாக எரித்தது. பெருத்த கண்டனத்துக்குப் பின், 2021 மார்ச் 5 முதல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது, அதற்கென்று கிடைத்த இடம் ஓட்டமாவடியின் மஜ்மா நகர். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே வந்தன. பிற மதத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். குடியிருக்கக் காணி போதாதென்று கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த ஊர் இது. இருந்தும் ஆறடியை எவருக்கும் மறுக்கவில்லை. அந்த மண்ணில் நின்று பார்த்தவனுக்கு, "பிரத்தியேகக் கடற்கரை" என்ற சொல் நாகூசும் சொல்லாகவே படும்.

மத்தியதரைக் கடலின் கதையோ இப்போது திரும்புகிறது. அரை நூற்றாண்டாகக் கரையை விற்றுச் சீவித்த ஸ்பெயின், ஐந்து இலட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வதிவிட அனுமதி என்ற திட்டத்தை 2025 ஏப்ரலில் முடிவுக்குக் கொண்டுவந்தது. பார்சலோனா நகரின் முதல்வர், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளின் அனுமதிகளை 2028 நவம்பருடன் நிறுத்துவதாக 2024இல் அறிவித்தார். அவ்வாண்டு யூலையில் அந்நகர மக்கள் வீதியில் இறங்கிப் பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். பயணி மேல் தண்ணீர் அடிப்பது நாகரிகமன்று. ஆயினும் பிறந்த ஊரில் வாடகை கொடுத்து இருக்க முடியாத பிள்ளைகளின் கோபம் அது. அவர்கள் கடையைச் சாத்துகிறார்கள். நாம் இப்போதுதான் பலகை தூக்குகிறோம்.

இனி என் புலம்பெயர்ந்த சகோதரர்களிடம் நேராகவே பேசுகிறேன். ஜெனீவாவில் "எங்கள் காணியைத் தா" என்று பதாகை பிடித்த கையால், வேறொருவர் அழுதுகொண்டு விட்டுப்போன காணியின் உறுதியில் ஒப்பம் இட முடியுமா? அகதியின் வலியை உலகுக்கு எடுத்துச் சொன்ன நாம், இன்னோர் அகதியின் வளவில் கடற்காற்று வாங்கலாமா? "நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்" என்கிறீர்கள். நமது வளவை வாங்கியவனும் அதைத்தானே சொன்னான்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா? முழுதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஓடினார்கள். இரு பக்கத்திலும் காணிகள் அறாவிலைக்குக் கைமாறின. 1991இல் என் வாப்பாவும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தென்னந்தோட்டத்தை வாங்கினார். உறுதி சட்டப்படி எழுதப்பட்டது. அவர்கள் கேட்ட காசு கொடுக்கப்பட்டது. 2003இல், சமாதான காலத்தில், அதை விற்ற மனிதர் வந்தார். வேலியோரம் சற்று நேரம் நின்றார். கிணற்றை எட்டிப் பார்த்தார். உம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேளாமல் போய்விட்டார். அன்றிரவு வாப்பா சோறு தின்னவில்லை. "விலை சரி மகன், காலம்தான் சரியில்ல" என்று மட்டும் சொன்னார். வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த உறுதி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அந்த மனிதரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்களோடு கணக்கை நேராக்காமல் அக்காணியை என் பிள்ளைகளுக்கு எழுதமாட்டேன். சட்டம் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சட்டம் சொல்லாததனால்தான் அது என் கடமை.

ஆகவே கடலோர வீடு வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மண்ணில் முன்னர் இருந்தவர் யார்? அவர் தன் விருப்பத்தோடு போனாரா? என் மதில் எவருடைய கடல் வழியை மறிக்கிறது? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்; மாடத்தில் இருந்து கடலைப் பாருங்கள். பதில் சொல்லத் தரகர் தயங்கினால், எத்தனை மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் தோழனின் பதில் வந்தது. சைப்பிரஸைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "மச்சான், கல்குடாவில எங்கட வளவு இப்ப எப்பிடி இரிக்கி? ஆரும் இரிக்காங்களா?"

நாளைக் காலை போய்ப் பார்த்து அவனுக்கு எழுத வேண்டும்.